தூக்கலாம், ஓட்டலாம், வைக்கக் கூடாது

வெர்னா ஆஸ்டினின் வீட்டுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று பெல்லமி நகரசபை மூன்றாவது முறையாக எழுத்தில் தெரிவித்த அன்று காலைதான், தூண்களின் மேல் நிற்கும் அந்த வீட்டின் வாசற்படிகளில் கீழ் மூன்றைக் கடல் கழற்றிக்கொண்டு போயிருந்தது. கையெழுத்து வாங்க வேண்டிய பதிவுத் தபால். மேலே ஏற வழியில்லாத தபால்காரி, உறையை ஒரு மீன்வாளியில் போட்டுக் கயிற்றால் இழுத்துக்கொள்ளச் சொன்னாள். ஆபத்து இல்லை என்ற செய்தி அப்படித்தான் மேலே ஏறி வந்தது.

வெர்னாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. இருபத்தேழு வருஷமாகத் தீவின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். கணவன் ஹார்லன், படகுத்துறையில் என்ஜின் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு நாளைக்கு இருபது சொல் பேசுவான். அதில் பாதி நாயிடம்.

“நமக்கு ஆபத்து இல்லையாம்” என்றாள் வெர்னா.

“கடலுக்கு ஒரு நகல் அனுப்பியிருக்கலாம்” என்றான் ஹார்லன். அன்றைய ஒதுக்கீட்டில் கணிசமான பகுதி அதோடு தீர்ந்தது.

பெல்லமித் தீவு வடக்குத் தெற்காக நீட்டிப் போட்ட கயிறு மாதிரி. கிழக்கே கடல், மேற்கே காயல், நடுவில் ஒரே ஒரு சாலை. தீவுக்காரர்களுக்கு வீட்டை நகர்த்துவது புதிய சங்கதி இல்லை. அவர்கள் கணக்கில் வீடு என்பது கொஞ்சம் பெரிய பெட்டி. கடல் நெருங்கினால் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட வேண்டும், ரோஷப்பட்டு அங்கேயே நிற்கக் கூடாது. ஹார்லனின் அப்பா இந்த வீட்டை இரண்டு தடவை பின்னால் இழுத்தார். இப்போது பின்னால் இழுக்க இடமில்லை. வீட்டின் முதுகு சாலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம், தெற்கே ஒன்றரை மைல் தள்ளி, காயல் ஓரமாக அவர்களுக்கு ஒரு சின்ன மனை இருந்தது. அவ்வளவு சின்ன மனையில் புது வீடு வைக்க நகரவிதி இடம் தராது. கடலால் ஆபத்துக்குள்ளான வீட்டை அங்கே கொண்டுவந்து இறக்குவதற்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கு நகரசபை ஒரு சான்று தர வேண்டும். வெர்னா எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒற்றைத் தாளைத்தான். அது கிடைத்தால் வீடு பிழைக்கும். கிடைக்காவிட்டால் இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் வீடு மீன்களுக்கு.

இதில் சிக்கல் எங்கே என்றால், புல்லில்.

கடல் எங்கே இருக்கிறது என்பதைக் கடலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது விதி. நிமிஷத்துக்கு ஒரு இடத்தில் நிற்கிற பேர்வழியின் வாக்குமூலத்தை எந்த அலுவலகமும் ஏற்காது. அதனால் மணல்மேட்டில் தானாக முளைத்து வேர்பிடித்து நிற்கிற புல்லின் முதல் வரிசைதான் கணக்கு. அலை வந்துபோகிற இடத்தில் புல் நிற்காது. புல் நிற்கிற இடத்துக்கு அலை வராது. புல்லிலிருந்து அறுபது அடி உள்ளே இருந்தால் வீடு பத்திரம். புல்லுக்கு முன்னால் இருந்தால் ஆபத்து. எழுதினவன் முட்டாள் இல்லை. ஆனால் புல்லை நடவும் முடியும் என்பதை அவன் யோசிக்கவில்லை.

யோசித்தவர் மேயர் பிராண்ட்லி கோஃபீல்ட். பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வந்தவர். வீடு விற்கும் அலுவலகம் வைத்திருந்தார். மேயர் உத்தியோகத்தை மதியத்துக்குமேல் பார்த்தார். சென்ற வசந்தத்தில் பள்ளி இசைக்குழு முழங்க, ‘கரை மீட்பு விழா’ என்று ஒன்றை நடத்தி, அலை நக்குகிற இடத்திலிருந்து பத்தடியில் நாலாயிரம் புல் நாற்றுகளை நட்டார். தண்ணீர் தெளிக்கக் குழாய் போட்டார். உப்பில் கருகினதை வாரம் ஒருமுறை ஆள் வைத்து மாற்றினார். செப்டம்பரில் ஒரு நிபுணர் வந்து, முட்டி போட்டு, ஒரு புல்லை இழுத்துப் பார்த்து, அது நிலைபெற்ற இயற்கைத் தாவரம் என்று எழுதிக்கொடுத்தார். அந்த நிமிஷத்தில் வெர்னாவின் வீடு ஒரு ஆணிகூட அசையாமல் கடலைவிட்டு எழுபது அடி பின்வாங்கியது.

அவளுக்காகச் செய்ததல்ல அது. அவள் வீட்டுக்கு வடக்கே வரிசையாக ஏழு மனைகள்; ஏழும் மேயருடையவை. எழுபது அடி கிடைத்ததால் அங்கே மனைக்கொரு மாளிகை எழும்பலாம்: பன்னிரண்டு படுக்கையறை, மின்தூக்கி, சினிமா பார்க்க இருட்டு அறை, கடலுக்குப் பத்து எட்டில் நீச்சல்குளம். மாதிரிக்கு ஒன்றைக் கட்டியும் முடித்திருந்தார். அதற்கு ‘நிரந்தர அமைதி’ என்று பெயர் வைத்து, பலகையில் தங்க எழுத்தில் செதுக்கி மாட்டியிருந்தார். சுடுகாட்டுக்கும் பொருந்துகிற பெயர் என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஆபத்துச் சான்று கொடுத்துவிட்டு இந்த ஏழு மனைகளையும் எப்படி விற்பது?

மூன்றாவது கடிதம் வந்த மத்தியானம் வெர்னா நகரசபைக்குப் போனாள். அனுமதிகளைப் பார்ப்பவன் மைரன் பியூ. முப்பத்து நாலு வயது, கழுத்தில் அடையாள அட்டை, மேசையில் நாக்கை நீட்டின நாய்ப் பொம்மை.

“மிஸ் வெர்னா, நான் என்ன பண்றது? புல்லுக்கு உள்ளாற இருக்கு உங்க வீடு.”

“புல்லு தண்ணிக்குள்ள இருக்குடா மைரன்.”

“அது அலை ஏறும்போது மட்டும்.”

“ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறுது. உனக்குத் தெரியாதா? நீ இந்தத் தீவுல பொறந்தவன்தானே? ரெண்டாங்கிளாஸ்ல என் பஸ்ல மூணாவது சீட்டுல வாந்தி எடுத்தவன்தானே?”

மைரன் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டான். படிவத்தில் அலைக்கு என்று ஒரு கட்டம் கிடையாது, புல்லுக்குத்தான் கட்டம் இருக்கிறது என்று தாழ்ந்த குரலில் விளக்கினான். வேண்டுமானால் புல்லைப் பற்றி ஒரு புகார் கொடுக்கலாம். அதை விசாரிக்கப் புல்லுக்குச் சான்று கொடுத்த அதே நிபுணரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் ஏப்ரலில் வருவார். வெர்னா எழுந்து நின்று, பொம்மை நாயின் நாக்கை ஒருமுறை சுண்டிவிட்டு வெளியே வந்தாள். யாரையாவது எதையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது, கிடைத்தது அதுதான்.

சூறாவளி என்றால் கதை வேறு. சூறாவளிக்குப் பெயர் உண்டு. பெயர் வைத்த உடனேயே அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. தொலைக்காட்சிக்காரர்கள் மழைக்கோட்டோடு வந்து நிற்பார்கள், மேயர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மணல்மூட்டை தூக்குவது போல நிற்பார். ஆனால் பெல்லமியைத் தின்பது சூறாவளி இல்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை நாலு, ஐந்து, ஆறு என்று வருகிற வாடைக்கொண்டல். பெயர் கிடையாது, வாழ்த்து கிடையாது, வழியனுப்பு கிடையாது. வடகிழக்கிலிருந்து வந்து உட்கார்ந்து, மூன்று நாள் மெல்லும். விடுமுறைக்காரர்கள் இல்லாத காலம் ஆதலால் அதைப் பார்ப்பவர்கள் வீட்டுக்காரர்கள் மட்டுமே. ‘பதினாறு ஆண்டுகளாகப் பெல்லமியை ஒரு சூறாவளியும் நேராகத் தாக்கவில்லை’ என்று மேயரின் விளம்பரத் தாள் சொன்னது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில் வானிலைக்காரர்கள் ஒரு வாடைக்கொண்டலைச் சொன்னார்கள்: சனிக்கிழமை சாயங்காலம் பிடிக்கும், அமாவாசை ஏற்றத்தோடு சேரும். வெர்னா நேராகக் கர்ட்டிஸ் மீக்கின்ஸ் வீட்டுக்குப் போனாள். கர்ட்டிஸ் வீடு நகர்த்துகிறவன், அவன் தகப்பனும் அதே. தீவில் அந்த வேலைக்கு வேண்டிய இரும்பு உத்திரங்களும் சக்கர வண்டிகளும் ஒரே ஒரு செட்தான் இருந்தன, அவை கர்ட்டிஸுடையவை.

கர்ட்டிஸ் புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு கேட்டான். பிறகு சட்டத்தை விரல்விட்டுப் பிரித்தான். வீட்டைத் தூக்குவது அடித்தூண் பழுதுபார்க்கும் வேலை. அந்த அனுமதி வெர்னாவிடம் ஏற்கெனவே இருக்கிறது. சாலையில் ஓட்டுவதற்குத் தாள் தருவது மாநிலம், நகரசபை இல்லை. மாநிலத்துக்கு அது வீடு இல்லை, இத்தனை அடி அகலம், இத்தனை அடி உயரம் உள்ள ஒரு சுமை. மாநிலத் தலைநகரான ராலேக்கு எழுதினால் இரண்டு நாளில் அனுப்பிவிடுவார்கள்.

“அப்ப தூக்கலாம், ஓட்டலாம்” என்றான். “கீழ வைக்கத்தான் கூடாது.”

“வைக்காம என்ன பண்றதாம்?”

“அத வைக்கிறப்ப யோசிப்போம். இப்ப தூக்கலேன்னா வைக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் தூக்கினார்கள். ஹார்லன் தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் துண்டித்தான். வெர்னா பீங்கான்களைத் துண்டுகளில் சுற்றிக் குளியல் தொட்டியில் அடுக்கினாள். அடுப்பின் எரிவாயு உருளையைப் பின்கட்டோடு சேர்த்துக் கட்டிக் கூடவே வரச் செய்தாள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நாற்பத்தெட்டுச் சக்கரத்தின் மேல், ஜன்னல் திரை ஆட, ஆஸ்டின் வீடு சாலையில் ஏறியது.

மேயர் அந்தச் சனிக்கிழமையைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். மாளிகை வாங்க ஆசைப்பட்ட பதினாலு பேரை ஒரு சிற்றுந்தில் ஏற்றி, ‘நிரந்தர அமைதி’யில் இறால் பொரியலும் பழச்சாறும் கொடுத்து, மத்தியானம் தெற்கே பாலத்துக்குத் திருப்பிக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். அவர் அலுவலகத்துக்கு முன்னால் சாலையை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு வீடு போய்க்கொண்டிருந்தது. அதுவும் அவர் விற்கிற கடலோரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மேயர் இறங்கி ஓடி வந்தார். “கர்ட்டிஸ், இதை ஓரமா நிறுத்துங்க. நாங்க போகணும்.”

“ஓரம்னா காயல்தான் மேயர்.”

“நகரசபை அனுமதி எங்க?”

“கீழ வைக்கிறதுக்குத்தான் உங்க அனுமதி. நான் வைக்கலையே” என்று கர்ட்டிஸ் மாநிலத் தாளை நீட்டினான். மேயர் அதை இரண்டு பக்கமும் படித்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. கீழே ஒரு நிபந்தனை மட்டும் கிடைத்தது. காற்று மணிக்கு இருபத்தைந்து மைலைத் தாண்டினால் சுமையை இருக்கிற இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்; காற்று அடங்கும்வரை முன்னேயோ பின்னேயோ அசைக்கக் கூடாது. மேயர் அதை வெற்றிக்குரலில் உரக்கப் படித்தார். சட்டம் சட்டம்தான், காற்று இருபத்தெட்டு, இதோ பாருங்கள் என்று கைப்பேசியைக் காட்டினார்.

“சரிதான்” என்று கர்ட்டிஸ் லாரி என்ஜினை அணைத்தான். இறங்கி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சங்கிலி போட ஆரம்பித்தான்.

தான் படித்ததன் அர்த்தம் மேயருக்கு அப்புறம்தான் உறைத்தது. அதை அவர் திரும்பப் படிக்கவில்லை.

நின்ற இடம் நல்ல இடம். இருபத்தேழு வருஷம் பேருந்து ஓட்டியதில், எந்தக் காற்றுக்குச் சாலையில் எங்கே தண்ணீர் ஏறும் என்பது வெர்னாவுக்கு மனப்பாடம். ஏறாத இடம் ஒன்றே ஒன்று: தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே உள்ள மேடு. கடலோரத்தில் பயமே இல்லை என்று சொல்லி விற்கும் மேயர், தன் அலுவலகத்தை வைத்திருந்ததும் அங்கேதான். காலையிலிருந்தே அவள் கர்ட்டிஸிடம், காற்று ஏறுவதற்குள் மேட்டுக்குப் போய்விடு, மேட்டுக்குப் போய்விடு என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குக் கடல் சாலைக்கு வந்தது. அவசரப்படவில்லை, மணல்மேட்டில் நாலைந்து இடைவெளி கண்டுபிடித்து, நுரையோடு நடந்து வந்து, சாலையைக் குறுக்கே கடந்து காயலில் இறங்கியது. மேட்டுக்கு வடக்கேயும் தண்ணீர், தெற்கேயும் தண்ணீர். மின்சாரம் போயிற்று. சிற்றுந்தில் இருந்தவர்கள் மேயரின் அலுவலகத்துக்குள் ஓடினார்கள். அங்கே எல்லாம் மின்சார அடுப்பு, மின்சாரக் கணப்பு, மின்சாரத் திரை. அரைமணி நேரத்தில் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. ஊரிலேயே எரிகிற ஒரே அடுப்பு நடுச்சாலையில் சக்கரத்தின் மேல் இருந்தது.

வெர்னாவுக்கு அவர்களைக் கூப்பிடவே பிடிக்கவில்லை. கூப்பிட்டாள். ஏணி வைத்து ஏற்றினாள். கிளிஞ்சல் சூப்பும் சோளரொட்டியும் பதினாலு பேருக்கும் போட்டாள், பதினைந்தாவதாக மேயருக்கும். காற்று அடிக்கும்போது வீடு லேசாக முனகியது. ஒருவர் பல் வைத்தியராம். ஜன்னல் வழியாகச் சாலையில் ஓடும் கடலைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி அடிக்கடி ஆகுமா என்று கேட்டார்.

மேயர் சோளரொட்டியை விழுங்கிவிட்டு, “முப்பது வருஷத்துக்கு ஒரு தடவ. நீங்க பாக்கக் குடுத்துவச்சிருக்கீங்க” என்றார்.

“இந்தக் குளிருக்கு ரோட்டுல தண்ணின்னு நான் பஸ்ஸத் திருப்பினதே மூணு தடவ. இது நாலாவது” என்றாள் வெர்னா.

அவர்கள் சிரித்தார்கள். உள்ளூர்க்காரி நகைச்சுவையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். பல் வைத்தியரின் மனைவி, இந்தச் சின்ன வீடு ரொம்ப அழகாக இருக்கிறது, இதற்குக் கடல் தெரியுமா என்று விசாரித்தாள்.

“நேத்து வரைக்கும் ரொம்பக் கிட்டத் தெரிஞ்சுது” என்றாள் வெர்னா. அதற்கும் சிரித்தார்கள். அவள் சூப்புப் பாத்திரத்தைக் கழுவப் போனாள். குழாயில் தண்ணீர் வராது என்பது கையை நீட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. சோப்பு பூசிய பாத்திரத்தைத் துண்டால் துடைத்துக் கவிழ்த்தாள்.

திங்கட்கிழமை காற்று அடங்கியது. வீடு இருந்த இடத்தில் தூண்களின் அடிக்கட்டைகள் தண்ணீருக்குள் பல் மாதிரி நின்றன. நாலாயிரம் புல்லில் ஒன்றுகூட இல்லை. தெளிப்புக் குழாய் மட்டும் ஒரு துண்டு, மணலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. புதன்கிழமைக்குள் ஏழு மாளிகைகளில் ஐந்துக்கு முன்பணம் வந்துவிட்டது. ‘முப்பது வருஷப் புயலைப் பார்த்துவிட்டோம், இனி நம் காலத்தில் கவலை இல்லை’ என்று பல் வைத்தியர் மேயருக்கு எழுதிய கடிதத்தை மேயர் அலுவலகக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார்.

கர்ட்டிஸ் வீட்டை மீதித் தூரம் ஓட்டி, காயல் ஓர மனையில் முன்பே நட்டுவைத்திருந்த தூண்களுக்கு மேலே கொண்டுபோய், சக்கரத்தோடு நிறுத்தினான். வெர்னா மறுபடி மைரன் முன்னால் போய் உட்கார்ந்தாள். இனி என்ன சாக்கு என்று அவளுக்கே பார்க்க ஆசையாக இருந்தது. புல்லும் இல்லை, மணல்மேடும் இல்லை. பழைய இடத்தில் மீன் நீந்துகிறது.

மைரன் படிவத்தை மூன்று தடவை புரட்டினான். அவன் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது; அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“மிஸ் வெர்னா, ஆபத்துல இருக்கிற வீட்டுக்குத்தான் சான்று. பழைய எடத்துல ஆபத்து இருக்கு, வீடு இல்ல. இப்ப வீடு இருக்கிற எடத்துல ஆபத்து இல்ல.”

“வீட்ட மறுபடியும் கொண்டுபோய்க் கடல்ல வச்சா குடுப்பியா?”

மைரன் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். “அதுக்கு அங்க வீடு வைக்க அனுமதி வேணுமே” என்றான்.

அப்புறம் ஐந்து வாரம் ஆஸ்டின் தம்பதி சக்கரத்தின் மேல் குடியிருந்தார்கள். ஏணியில் ஏறி இறங்கினார்கள். கழிவுநீர் இணைப்பு கொடுக்க முடியாது, ஏனென்றால் கீழே வைக்காத வீடு வீடு இல்லை. ஆனால் வீட்டுவரி அறிவிப்பு நாள் தவறாமல் வந்தது. வெர்னா காலையில் தீயணைப்பு நிலையத்தில் குளித்துவிட்டுப் பேருந்து எடுத்தாள். நகரசபை வாரத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியது: சுமையை உடனே இறக்கவும் அல்லது அகற்றவும். இறக்க அனுமதி கேட்டு அவள் வாரத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். ஹார்லனின் பேச்சு ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லாகக் குறைந்தது. நாய்க்குப் பங்கு கிடைக்கவில்லை. பழைய தூண் கட்டைகள் கரையில் ஒதுங்கியதற்குக் குப்பை போட்டதாக ஒரு அபராதச் சீட்டும் வந்தது. அதை அவள் நாலாக மடித்துப் பேருந்தின் ஆடுகிற ஜன்னலுக்கு ஆப்பு வைத்தாள்.

மார்ச் பத்தொன்பதாம் தேதி அடுத்த வாடைக்கொண்டல் வந்தது. முப்பது வருஷம் ஐந்து வாரத்தில் முடிந்துவிட்டது. சாதாரணமான, நடுத்தரமான ஒன்று. தீவுக்காரர்கள் பாதிப் பேர் அதற்கு எழுந்துகூடப் பார்க்கவில்லை. விடிந்தபோது ‘நிரந்தர அமைதி’யின் நீச்சல்குளம் கடலோடு சேர்ந்துவிட்டது. கிழக்குப் பக்கத்து ஒன்பது தூண்களுக்குக் கீழே மணல் இல்லை. வீடு கழுத்தை நீட்டி ஏதோ எட்டிப் பார்ப்பதுபோல நின்றது. முன்பணம் கட்டிய ஐந்து பேரும் சனிக்கிழமை வருவதாக இருந்தார்கள்.

மேயர் காலை ஏழு மணிக்குக் கர்ட்டிஸைக் கூப்பிட்டார். எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கிறேன், இன்றைக்கே அதைப் பின்னால் இழுத்தாக வேண்டும் என்றார். கர்ட்டிஸ் புகையிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினான்.

“உத்திரமும் சக்கரமும் மிஸ் வெர்னா வீட்டுக்கடியில மாட்டிக்கிட்டிருக்கே மேயர். அத எடுக்கணும்னா வீட்டக் கீழ வைக்கணும். கீழ வைக்கக் கூடாதே.”

எட்டு மாதமும் ஐந்து வாரமும் ஆகாத வேலை நாற்பது நிமிஷத்தில் ஆயிற்று. மைரன் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தான். வெர்னா ஏணியின் இரண்டாவது படியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தாள். பொதுநலனுக்கு அவசியமான கருவிகளை விடுவிக்கும் பொருட்டு, மேற்படி மனையில் மேற்படி கட்டடத்தை இறக்கிவைக்கச் சிறப்பு அனுமதி வழங்கப்படுகிறது. முந்தைய இருப்பிடத்தில் கடலால் ஆபத்து: பதிவாகவில்லை.

அவள் அந்தக் கடைசி வரியின் மேல் விரலை வைத்தாள்.

“இத மாத்து.”

“மிஸ் வெர்னா, அனுமதி கெடச்சிருச்சே. வீடு நிக்கப் போகுது. உங்களுக்கு வேண்டியது அதுதானே?”

“பதிவாகலைன்னு போட்டிருக்க. நான் எட்டு மாசமா உன் மேசையில பதிவு பண்ணிக்கிட்டுத்தானே இருந்தேன்? வீடு இருந்த எடத்துல இப்ப கடல் இருக்கு. ஒரே ஒரு வார்த்த. ஆபத்துன்னு எழுது.”

அதை எழுதினால் பக்கத்து ஏழு மனைக்கும் அப்படித்தான் எழுத வேண்டும் என்று மைரன் சொல்லவில்லை. மேயரின் வீட்டுக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறாய் என்று அவள் கேட்டாள். அவள் கையை நீட்டினாள். அவன் கார் இருக்கையிலிருந்து அந்த இன்னொரு தாளைக் கொண்டுவந்து காட்டினான். ‘நிரந்தர அமைதி’ நாற்பதடி பின்னால் போக அனுமதிக்கப்பட்டிருந்தது. காரணம்: கடற்காட்சியை மேம்படுத்துதல்.

கர்ட்டிஸ் இரண்டு ஜாக்கிகளுக்கு நடுவில் குந்தியிருந்தான். லாரி மேயருக்காகக் காத்திருந்தது. பேருந்துக்கு இன்னும் ஐம்பது நிமிஷம். வெர்னா கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிப் பார்க்க நினைத்தாள். சொன்னால் ‘நிரந்தர அமைதி’ சனிக்கிழமைக்குள் கடலில் இறங்கும், ஐந்து பேரும் வந்து கண்ணால் பார்ப்பார்கள். அந்தப் படம் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் ஓடவிட்டுப் பார்த்தாள். அப்புறம், அந்த ஐந்து பேரும் அப்போதும் வாங்குவார்கள் என்று தோன்றிவிட்டது.

ஏணிக்குக் கீழே ஹார்லன் நின்றான். “வெர்னா, எனக்கு அறுபத்து மூணு வயசாச்சு. கக்கூசு போறதுக்குத் தீயணைப்பு நிலையம் வரைக்கும் நடக்கிறேன்” என்றான். அன்றைய ஒதுக்கீட்டைத் தாண்டிய பேச்சு அது.

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டாள். பிறகு ‘ஆபத்து: பதிவாகவில்லை’ என்ற வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையாலேயே ‘இருந்தது’ என்று எழுதி, தேதியும் போட்டாள்.

“மிஸ் வெர்னா, அப்படி அடிச்சு எழுதினா அது செல்லாதே” என்றான் மைரன்.

“வேற நகல் வச்சிருப்பியே.”

வைத்திருந்தான். இரண்டு கொண்டுவந்திருந்தான், அவளை அவனுக்கு இரண்டாம் வகுப்பிலிருந்தே தெரியும். அவள் சுத்தமான நகலிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அடித்து எழுதினதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். கர்ட்டிஸ் ஜாக்கியை இறக்க, வீடு அங்குலம் அங்குலமாகக் கீழே வந்து, தூண்களின் மேல் முனகிக்கொண்டு உட்கார்ந்தது.